அழுக்காக இருக்கச் சொன்ன தலைவி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாயால் சொல்கிறேன், இப்போது எங்கள் மாதர் சங்கத்துக்குத் தலைவியாக இருக்கிற கலைவாணி எழுதுகிறாள். நான் பேசுகிற பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்துவது அவள் பொறுப்பு. மற்றவர்கள் பேசியதையும், முக்கியமாக என்னைத் திட்டியதையும் மட்டும் அப்படியே போடச் சொல்லிவிட்டேன். அதைத் திருத்தினால் ருசி போய்விடும்.

இதைச் சொல்ல ஏன் வேண்டி வந்தது என்றால், எங்கள் பக்கத்துக்குத் திரும்பவும் சின்ன உதவித் திட்டம் வந்திருக்கிறது. படிக்கட்டு, குழாய், தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்கு வேலி என்று அந்தந்த இடத்து ஆட்களே கேட்டு, அந்தந்த இடத்து ஆட்களே கட்டிக்கொள்ள ஒரு சிறு தொகை கொடுப்பார்கள். என் காலத்தில் ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். இப்போது போனில் படம் பிடித்து அனுப்பினால் போதுமாம். போன கிழமை கலைவாணி படம் எடுக்கப் போனாள். எடுப்பதற்கு முன்னால் நாலு பேரைக் கூப்பிட்டு, "இந்த எடத்த கொஞ்சம் கூட்டி விடுங்க, படத்துல நல்லா விழணும்" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் வெற்றிலை புரையேறிவிட்டது.

"என்னா பெரியம்மா சிரிக்கிறீங்க?"

"கூட்டாத புள்ள. ஒக்காரு, சொல்றேன்" என்றேன்.

நான் கொழுந்து பறித்தவள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில் பிறந்து, அங்கேயே பேர் பதிந்து, அங்கேயே ஓய்வும் வாங்கினேன். வேலை பழகிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா பின்னால் போனேன், முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தேன், கங்காணி என் கூடையைக் கவிழ்த்து எல்லாருக்கும் காட்டினார், அழுதேன், பழகிக்கொண்டேன். கடைசி வரைக்கும் எனக்குக் கை வேகம் சுமார்தான். வாய் வேகம் அதிகம். மலை உச்சியில் நின்று நான் பேசினால், கீழே றோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பதில் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் ராமையா, "இவளுக்கு தோட்டத்துல சம்பளம் குடுக்குறது தப்புங்க, ரேடியோவுலதான் குடுக்கணும்" என்பார்.

அந்த வாய்தான் என்னைத் தலைவியாக்கியது. மாதர் சங்கம் தொடங்கிய கூட்டத்துக்கு நான் பிந்திப் போனேன். யார் தலைவி என்று கேட்டிருக்கிறார்கள், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அது தெரியாமல் உள்ளே நுழைந்து, "என்னா எல்லாரும் எழவு வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கீங்க" என்று கேட்டேன். அத்தனை கையும் என்னைக் காட்டியது.

"எனக்கு பேரு எழுதக்கூட தெரியாதே" என்றேன்.

"பேசத்தானே வேணும் அக்கா. எழுத யாரு ஒன்னைய கேட்டா?" என்றாள் பாக்கியம்.

எழுத ஒரு செயலாளரை வைத்தார்கள், பேச என்னை வைத்தார்கள். என் காலத்தில் படிக்கட்டு வந்தது, வேலி வந்தது, ஒரு விளக்கும் வந்தது. அந்த விளக்கை எந்தத் திசைக்குத் திருப்புவது என்று கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு கையைக் காட்டினேன். கோயில் பாதைக்கு விழ வேண்டிய வெளிச்சம் தவறணைக்குப் போகிற குறுக்குப் பாதையில் விழுந்தது. குடிக்கிற ஆண்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் கும்பிடுகிறார்கள். கோயிலுக்குப் போகிற பெண்கள் டார்ச் அடித்துக்கொண்டு போகிறார்கள்.

விளக்குக் கதை இருக்கட்டும். கான் கதைக்கு வருகிறேன். தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம்.

என்னைத் தலைவி ஆக்கிய அந்தப் பாக்கியம் கீழ் லயத்தில் தொங்கல் வீட்டுக்காரி. லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், தொங்கல் என்றால் கடைசி. என் வீடும் அதே லயத்தில் நடுவில் இருந்தது. மலையை வெட்டி இறக்கிய இடத்தில் அந்த லயம் நிற்கிறது. பின்னால் மண்மேடு, மேட்டுக்கு மேலே தேயிலை. மழை பெய்தால் மலைத் தண்ணீர் முழுக்க எங்கள் முதுகில் இறங்கும். அது போக இருந்தது வெறும் மண் கான். பேர்தான் கான், பார்த்தால் பன்றி புரண்ட இடம். தண்ணீர் அது நிரம்பி, ஒவ்வொரு வீட்டின் பின்சுவரையும் விசாரித்துக்கொண்டு போய், பள்ளத்தில் இருக்கிற பாக்கியத்தின் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். மழைக்காலம் முடிகிற வரைக்கும் அவள் வீட்டுத் தரையில் பாய் விரிக்க முடியாது. சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துப் பாசி பிடித்திருக்கும்.

அந்த வருஷம் பாக்கியத்தின் மகள் தேவி முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை. பாக்கியம் அவளைக் கொத்மலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள். இப்போதெல்லாம் பெறுவது ஆஸ்பத்திரியில்தான். ஆனாலும் தலைப்பிரசவத்துக்கு வளையல் போட்டுத் தாய் வீட்டுக்குக் கூட்டி வந்து, பெற்ற பிறகும் பிள்ளையோடு வைத்துப் பத்தியம் பார்த்து அனுப்பினால்தான் தாய்க்கு மரியாதை. தேவியின் மாமியார் பெண் பார்க்க வந்தது நல்ல வெயில் காலத்தில். பிறகு ஒரு தடவை மழையில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டார்கள்.

"பச்ச ஒடம்புக்காரிய இந்த ஈரத்துல எப்புடிங்க கெடத்துறது? கான கட்டி வீட்ட காய வச்சுட்டு சொல்லுங்க சம்பந்தி, அனுப்புறோம். இல்லாட்டி எங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் பாக்கியத்துக்கு அவ்வளவு சுட்டது. தோட்டத்தில் கேட்டோம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். பிள்ளை அடுத்த வருஷம் வரைக்கும் வயிற்றில் இருக்குமா?

அந்த நேரத்தில்தான் இந்தத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு நிலந்தி மிஸ் வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். படித்துக் கற்ற தமிழ், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுவார். அவருடைய முறையே தனி. ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். எனக்கோ யாராவது சும்மா இருந்தால் உடம்பில் அட்டை ஏறின மாதிரி இருக்கும். நான் பேசிவிடுவேன். அப்படியே யார் வீட்டில் சண்டை, யார் குழாயை அடைத்தது, யார் ஆடு யார் கத்தரியைத் தின்றது, எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். மிஸ் கண்ணாடியைத் தொட்டால் கங்காணி கூட எழுந்து நிற்பார்.

எது முதலில் வேண்டும் என்று நாங்களே தீர்மானிக்க வேண்டும் என்றார். காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில், கோலமாவால் எங்கள் பிரிவைப் படமாகப் போட்டோம். லயம், கோயில், குழாயடி, கான், கக்கூஸ், றோட்டு எல்லாம் வந்தது. நான் போட்ட குழாயடி லயத்தை விடப் பெரிதாக இருந்தது. ஆளுக்கு ஒரு கல்லை எடுத்து வேண்டிய இடத்தில் வையுங்கள் என்றார் மிஸ்.

"கல்லு எதுக்கு மிஸ்? எங்களுக்கு கொழுந்துதான் ராசி. ஆளுக்கு ஒரு கொழுந்து வைக்கிறோம்" என்றேன் நான்.

எல்லாரும் வைத்து முடித்து, மிஸ் குனிந்து பார்க்கிற நேரம் மலையிலிருந்து ஒரு காற்று வந்தது. கானில் கிடந்த கொழுந்தெல்லாம் எழும்பிக் கோயிலுக்குப் போய்விட்டது. பூசாரி கையைக் கூப்பிக்கொண்டு, "ஆத்தாவே கேக்குறா" என்றார். பாக்கியம் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் காய்ச்சல் வரவேண்டும். மிஸ் கண்ணாடியைத் தொட்டார். பிறகு கல்லையே வைத்தோம். கானுக்குத்தான் அதிகம் விழுந்தது. பூசாரியும் கானுக்குத்தான் வைத்தார், அவர் வீடும் கீழ் லயம்தானே.

தோட்டத்து நிலம் என்பதால் துரையிடம் அனுமதி வாங்கினோம். கூலி வேலையை நாங்களே சம்பளம் வாங்காமல் சிரமதானமாகச் செய்வதாக ஒத்துக்கொண்டோம். மிச்சம் இருந்தது ஒன்றுதான். இன்னொரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்குக் கூரை கேட்டிருந்தார்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் கொடுக்க முடியும். கொழும்பிலிருந்து பெரிய சார் வந்து இரண்டு இடத்தையும் பார்த்து முடிவு சொல்வார். மிஸ் என்னிடம் தெளிவாகத்தான் சொன்னார்.

"தலைவி அம்மா, எதையும் மாற்ற வேண்டாம். உள்ளபடியே இருங்கள்."

"சரிங்க மிஸ்" என்று தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணி வேண்டாம் என்றால் ஊற்றாமல் விட்டுவிடுவோமா? மரியாதைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அதோடு எங்கள் தோட்டத்தில் வழக்கம் ஒன்று உண்டு. பெரியதுரை வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம், பாதை ஓரத்துக் கல்லுக்கும் அடிப்போம். எந்த லயம் சுத்தமோ அதற்குத்தான் பரிசு. சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்த விஷயம். நல்லதாகக் காட்டுகிறவனுக்குத்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் எலும்பிலேயே ஊறியிருந்தது.

நான் உத்தரவு போட்டேன். ஆண்கள் மேட்டில் மண்மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தேயிலைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பெண்கள் கானில் இருந்த சேற்றை வழித்து, காய வைத்து, ஓரத்தில் கோலம் போட்டோம். கானுக்குக் கோலம் போட்ட லயம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் மேலாக வேலை செய்தது பாக்கியம். பாசிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அது போதாதென்று அலுமாரியை இழுத்து வைத்து, அதன் பக்கத்தில் கல்யாணச் சேலையை விரித்துத் தொங்கவிட்டாள்.

பெரிய சார் வந்தார். தப்பு அடித்து, மாலை போட்டு, வடை கொடுத்தோம். வெயிலும் எங்கள் கட்சிதான், நன்றாகக் காய்ந்தது. சார் நல்ல மனிதர், சிங்களத்தில் பேசினார், மிஸ் தமிழில் சொன்னார். ஆனால் ஒரு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கானைப் பார்த்து, "லஸ்ஸனாய்" என்றார். அழகாக இருக்கிறது என்று அர்த்தம், மலையில் எல்லாருக்கும் தெரியும். பாக்கியத்தின் வீட்டைப் பார்த்தும் "லஸ்ஸனாய்" என்றார். நான் பூரித்துப் போனேன். மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாலைந்து நாளில் மிஸ் தனியாக பஸ்ஸில் வந்தார். என் வீட்டில் உட்கார்ந்தார். பாக்கியமும் ஓடி வந்தாள்.

"பெரிய ஐயா சொல்கிறார், இவ்வளவு நல்ல நிலையில் இருக்கும் இடத்திற்குக் கான் தேவையில்லை. அந்தக் கூரைக்குக் கொடுக்கலாம் என்கிறார்."

நான் பேசவில்லை. என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார், நான் பேசாமல் இருக்கிறேனே, உயிர் இருக்கிறதா என்று. பாக்கியம் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். அவள் மெதுவாக, "நம்ம கையால நம்மளே அடச்சுக்கிட்டோம் அக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மிஸ் பாக்கியம் போன வாசலைப் பார்த்தார். பிறகு, "அடுத்த கிழமை பெரிய ஐயா இந்த வழியாகப் போகிறார். இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. நான் இங்கே நிறுத்தச் சொல்வேன். ஆனால் தலைவி அம்மா, இந்த முறை ஒருவரும் விளக்குமாற்றைத் தொடக் கூடாது" என்றார்.

என் உத்தியோகத்திலேயே கஷ்டமான வேலை அதுதான். கூட்டச் சொல்லி ஆளை வேலை வாங்கலாம். கூட்டாதே என்று சொல்லி மலையகத்துப் பெண்ணைக் கட்டிப்போட முடியாது. விடிந்தால் கை தானாக விளக்குமாற்றுக்குப் போகிறது. நான் லயம் லயமாக ரோந்து சுற்றினேன். பூசாரி பெண்சாதி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கூட்டுகிற சத்தம் கேட்டது.

"என்னா புள்ள சத்தம்?"

"எலி அக்கா."

"எலிக்கு வெளக்குமாறு யாரு வாங்கிக் குடுத்தா? வெளிய குடு."

இப்படிப் பிடுங்கிய விளக்குமாறெல்லாம் என் வீட்டில் குவிந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "கல்யாணம் கட்டுன நாள்லருந்து வீட்ட கூட்டு கூட்டுன்னு நான் கத்துனேன், நீ கேக்கல. இப்ப கூட்டாதன்னு சொல்றதுக்கு ஊரெல்லாம் சுத்துறே" என்றார்.

மேட்டில் அடுக்கிய மண்மூட்டைகளை எடுத்தோம். மழைக்கு மாரியம்மாளிடம் வேண்டினோம். வருஷம் பூரா மழையைத் திட்டுகிற வாயால் வேண்டுகிறோமே என்று ஆத்தா சிரித்திருப்பாள். ஆனால் சித்திரை மழை, சார் வருகிற அன்றைக்குக் காலையிலேயே பிடித்துக்கொண்டது.

பாக்கியம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அலுமாரி நகரவில்லை, சேலையும் அவிழவில்லை. வாசலில் நின்றுகொண்டாள்.

"மொத தடவ அவர் முன்னாடி சீதேவி மாதிரி நின்னேன். இப்ப போயி அழுக்கச்சியா நிக்கச் சொல்றியா? பொய்க்காரின்னு நெனைக்க மாட்டாரா? வேற எந்த வீட்டயாவது காட்டு அக்கா."

"ஒன் வீட்டுலதான் புள்ள தண்ணி நிக்கிது."

"நிக்கட்டும். என் மக வரலன்னா வரல. நான் கொத்மலைக்கி போயி பாத்துட்டு வந்துர்றேன்."

அதற்குள் சார் குடையோடு இறங்கி வந்துவிட்டார், கூட மிஸ்ஸும். இனி யோசிக்க நேரமில்லை. "என் வீட்டுக்கு வாங்க சார்" என்று முன்னால் நடந்தேன். லயமே பின்னால் வந்தது.

என் வீட்டைப் பற்றி நான் என்ன சொல்ல? உள்ளபடியே இருந்தது. பின்சுவர் ஓரமாகத் தண்ணீர் கசிந்து, தரையில் சட்டி பானையெல்லாம் மிதக்கத் தயாராக நின்றன. ஈர விறகால் ஒரே புகை. வெளியில் எதுவும் காயாது என்பதால் அடுப்புக்கு மேலே கொடி கட்டியிருந்தேன். சார் கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து நுழைந்தார். கொடியில் தொங்கிய என் வீட்டுக்காரரின் கோவணம் நழுவி அவர் தோளில் விழுந்தது. முதல் தடவை மாலை போட்ட அதே தோள். சார் அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்து மிஸ்ஸிடம் ஏதோ கேட்டார். மிஸ் எங்களுக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பார், அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் அப்படித்தான் திரும்பிக்கொள்வார்.

வெளியே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. பார்த்தால் பாக்கியம். மழையில் நனைந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு எழுந்து முகத்தைத் துடைத்தாள்.

"மாமாவோட கோவணத்தையே காட்டிட்டே. இனி என் சொவத்துக்கு என்னா வெக்கம்? கூட்டிக்கிட்டு வா அக்கா."

நாங்கள் போவதற்குள் சேலையை அவளே இழுத்துப் போட்டிருந்தாள். நானும் அவளுமாக அலுமாரியை நகர்த்தினோம். சுண்ணாம்பெல்லாம் வழிந்து, பழைய கறுப்பு அப்படியே நின்றது. தண்ணீர் சார் காலில் போட்டிருந்த சப்பாத்தைச் சுற்றி ஓடியது. அவர் இந்தத் தடவை லஸ்ஸனாய் என்று சொல்லவில்லை. இந்த அறையில் யார் படுக்கிறார்கள் என்று மிஸ் மூலமாகக் கேட்டார்.

"யாரும் படுக்க முடியாது சார்" என்றாள் பாக்கியம். "என் மக வந்து படுக்கணும், புள்ளயோட. அதுக்குத்தான் கேக்குறோம். அன்னைக்கி ஒங்க மரியாதைக்குத்தான் மறச்சு வச்சேன்."

மிஸ் அதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். சார் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டார். அந்தத் தோட்டத்துக் கூரைக்கு வேறு இடத்தில் பணம் கேட்டுத் தருகிறேன், கானைப் பெரிய மழைக்கு முன்னால் முடிப்பீர்களா என்று கேட்டார். முடிப்போம் என்று லயமே சொன்னது.

முடித்தோம். ஆற்றிலிருந்து கல்லையும் மணலையும் பெண்கள் கொழுந்துக் கூடையில் போட்டு முதுகில் சுமந்தோம். ஆண்கள் வெட்டினார்கள், மேசன் கட்டினார். நான் கல்லும் சுமந்து யோசனையும் சொன்னேன். "அக்கா, வாய வச்சுட்டு கல்ல மட்டும் தூக்குனா கான் நாளைக்கே முடிஞ்சிரும்" என்றார் பூசாரி. வாயை எங்கே வைப்பது என்று தெரியாததால் இரண்டையும் தூக்கிக்கொண்டே வந்தேன்.

வளையல் போட்டுத் தேவியைக் கூட்டி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, தொங்கல் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ஆனி மாதத்து மழை அடை மழையாகப் பிடித்திருந்த ஒரு நாள், கொத்மலையிலிருந்து சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்க வந்தார்கள். பின்னால் கானில் தண்ணீர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா ஈரக் குடையை வாசலில் வைத்தார்கள். பிள்ளையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு நேராகப் பின்சுவருக்குப் போய், புறங்கையால் தடவிப் பார்த்தார்கள்.

பாக்கியம் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றவள், நிதானமாகச் சொன்னாள்:

"அந்த எடம் எப்பவும் சீக்கிரம் காயும் சம்பந்தி. மூலைய தடவிப் பாருங்க. அங்கதான் மொதல்ல ஊறும்."

சம்பந்தியம்மா மூலையையும் தடவிப் பார்த்தார்கள். பிறகு சுருட்டி வைத்திருந்த பாயைத் தாங்களே எடுத்து, அந்த மூலையிலேயே தரையில் விரித்து உட்கார்ந்துகொண்டு, "பேத்திய குடுங்க" என்று இரண்டு கையையும் நீட்டினார்கள்.